பதினேழாம் நம்பர் மண்

இப்போதெல்லாம் யாருக்கும் எதையும் சும்மா கிடக்கவிடத் தெரியவில்லை. தெருவைக் குழாய்க்காக ஒருமுறை தோண்டுகிறார்கள், மூடுகிறார்கள், ஒரு மாதம் கழித்துக் கம்பிக்காக மறுபடி தோண்டுகிறார்கள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். என் எதிர்வீட்டுக்காரன் தன் பூட்டன் எந்த நாட்டுக்காரன் என்று தெரிந்துகொள்ள, ஒரு குப்பியில் எச்சிலைத் துப்பி எங்கேயோ அனுப்பியிருக்கிறான். பதில் வந்த நாளிலிருந்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறான். யார் துப்பச் சொன்னது?

நான் மண் தோண்டியே வயிறு வளர்த்தவன். எனக்குத் தெரிந்து சொல்கிறேன். தோண்டினால் ஏதாவது வரும். அது நீ கேட்டதாகத்தான் இருக்கும் என்று ஒரு கட்டாயமும் இல்லை.

ஊருக்கு மேற்கே மூன்று மைலுக்குப் புதர்வெளி. மரம் கிடையாது. முழங்கால் உயரச் செடிகள், கம்பி மாதிரிக் கிளை, நொய் அளவு இலை, வருஷத்தில் ஒரு மாதம் மட்டும் ஊதாப் பூ. மேலே ஒரு சாண் கறுப்பு மண், அதற்குக் கீழே சாம்பல் நிற மணல். புளித்த மண் அது. உருளைக்கிழங்கை நட்டால் நட்ட கிழங்கும் போய்விடும். அதன் ஓரத்தில் ஒரு பழைய கொட்டகையைச் சுண்ணாம்பு அடித்து ஆய்வுக்கூடம் ஆக்கியிருக்கிறார்கள். அங்கேதான் எனக்கு வேலை.

வேலை என்றால் மண் குழாய் இறக்குவது. இரும்புக் குழாயைச் சுத்தியால் அடித்து இறக்கி, அரைச் சுற்றுத் திருப்பி, உருவி, உள்ளே வந்த மண்ணைக் கட்டையால் தள்ளிக் காகிதப் பையில் போட வேண்டும். பையில் பென்சிலால் நம்பர். பேனா என்றால் ஈரத்தில் ஓடிவிடும். அப்புறம் வேரைச் சலித்து எடுத்து, பாதியை டாக்டரம்மாவிடம் பச்சையாகக் கொடுத்து, பாதியை அடுப்பில் காயவைத்து, சின்ன அரவை மெஷினில் மாவாக அரைப்பேன்.

டாக்டரம்மா என்றால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. படித்து வாங்கிய டாக்டர். ஊரில் வேர் டாக்டர் என்பார்கள். பல் டாக்டர் பல்லைப் பிடுங்குகிறார், இவர் வேரைப் பிடுங்குகிறார், பெரிய வித்தியாசம் இல்லை. முப்பத்தைந்து வயது இருக்கும். நல்ல பெண்தான். ஆனால் நல்லவர்கள் சொல்வதெல்லாம் உண்மையாகிவிடுமா?

வந்த புதிதில் எனக்கு விளக்கினார். இந்தச் செடியின் வேர் தலைமயிரைவிட மெல்லியது, அதற்குள் ஒரு பூஞ்சணம் குடியிருக்கிறது, அறைக்குள் நூலைச் சுருட்டித் திணித்த மாதிரி. வெளியே மண்ணில் அலைந்து மணிச்சத்தைத் தேடிப் பிடிப்பது அதன் வேலையாம். உர மூட்டையில் மூன்று நம்பர் போட்டிருக்குமே, அதில் நடு நம்பர் என்றதும் எனக்குப் புரிந்தது. பிடித்ததை உடனே செடிக்குக் கொடுத்துவிடாதாம். சங்கிலி சங்கிலியாகக் கோத்து, பொட்டுப் பொட்டாகத் தன் உடம்புக்குள்ளேயே சேர்த்து வைத்துக்கொள்ளுமாம்.

“இந்த மண்ணுல அது கிடைக்கிறதே அபூர்வம், பெரியவரே. அதனால ஒரு துளி கிடைச்சாலும் விடாது. எத்தனை வருஷம் ஆனாலும் வெளிய போகவிடாது.”

“எங்க அண்ணியும் அப்படித்தான்” என்றேன்.

அண்ணி அந்த அறையிலேயே தொட்டியில் கண்ணாடிக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். என் கூடப்பிறந்த அண்ணனின் பெண்சாதி. எழுபத்திரண்டு வயது. வாரத்தில் இரண்டு நாள் காலையில் வந்து கழுவித் துடைத்து அடுக்கிவிட்டுப் போவாள். திரும்பிப் பார்க்காமலே, “தம்பிக்கு ஒண்ணையும் சேர்த்து வெச்சுக்கத் தெரியாதும்மா, வாயில வர்றதையும்கூட” என்றாள். டாக்டரம்மா சிரித்தார்.

அண்ணி சேர்த்து வைத்திருப்பது எனக்குத் தெரியும். அண்ணனின் சட்டை, ஷேவிங் தட்டு, அவன் பாதி செதுக்கிவிட்டுப் போன கோடரிப் பிடி. மகள் தன்னோடு வந்து இருக்கச் சொல்லி ஆறு வருஷமாகக் கூப்பிடுகிறாள். அந்த மனுஷன் ஒருநாள் திரும்பி வந்தால் வாசலில் நிற்கவைத்து நாலு வார்த்தை கேட்க வேண்டும், அதற்காகவே இந்த வீட்டில் இருக்கிறேன் என்பாள். வருஷா வருஷம் ஊர் அலுவலகத்தில் குடும்ப விவரம் கேட்டு ஒரு படிவம் கொடுப்பார்கள். கணவர் உயிருடன் இருக்கிறாரா, இறந்துவிட்டாரா? அந்தக் கட்டத்தை மட்டும் வெறுமையாக விட்டுக் கொடுப்பாள். முதல் சில வருஷம் திட்டினார்கள். இப்போது அவர்களே அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

முப்பத்தொரு வருஷம் ஆகிறது அண்ணன் போய்.

டாக்டரம்மாவின் கம்ப்யூட்டர் புதர்வெளியில் நாற்பது இடம் குறித்துக் கொடுத்திருந்தது. அந்தந்த இடத்தில் மர முளை அடித்து, வருஷம் ஒருமுறை அதன் பக்கத்தில் குழாய் இறக்குவோம். முளைகளை நடும்போது பதினேழாம் நம்பர் ஒரு பள்ளத்துக்குள் விழுந்தது. அந்தக் காலத்தில் அடுப்பெரிக்கக் கரி மண் வெட்டி எடுத்த பள்ளம், பாதி தூர்ந்தது. நான் முளையைப் பத்தடி தள்ளி மேட்டில் அடித்தேன். கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்? பள்ளத்தில் வழுக்கும். மூன்று வருஷம் மேட்டிலேயே இறக்கினேன்.

இந்த வருஷம் எனக்கு இரண்டு நாள் காய்ச்சல். அந்த இரண்டு நாளில் டாக்டரம்மா தானே போய் இறக்கியிருக்கிறார். கையில் இருக்கிற மெஷின் காட்டிய இடம் வேறு, முளை இருந்த இடம் வேறு. மெஷினை நம்பிப் பள்ளத்துக்குள் இறங்கிவிட்டார். நான் திரும்பி வந்தபோது பதினேழு என்று எழுதிய பை மேஜையில் இருந்தது. எனக்கு எதுவும் தெரியாது. எப்போதும்போல வேரைச் சலித்தேன், காயவைத்தேன், மெஷினில் போட்டு அரைத்தேன். விரலில் ஒட்டிய மாவைக் கால்சட்டையில் துடைத்தேன்.

நாலு நாள் கழித்து என்னைக் கூப்பிட்டார். முகம் சரியில்லை.

“தப்பா நினைக்காதீங்க பெரியவரே. அந்தப் பள்ளத்துப் பக்கம் நீங்க ஒதுங்குறது உண்டா?”

“எனக்கு வயசு அறுபத்தெட்டு. ஒதுங்காத இடத்தைக் கேளுங்க, சீக்கிரம் சொல்லிடலாம்.”

“அந்த இடம்?”

“ஒதுங்காத இடம்தான்.”

“சாப்பிட்ட மிச்சம் கொட்டுறது? சாம்பல்?”

“இல்லை.”

ஏன் என்று அவர் கேட்கவில்லை. முளை ஏன் மேட்டில் இருந்தது என்று மட்டும் கேட்டார். வழுக்கும் என்றேன். தலையாட்டினார். மனதில் வாங்கிக்கொண்டு வெளியே காட்டாமல் தலையாட்டுகிற ஆட்களை நான் நம்புவதில்லை.

அப்புறம் மைக்ராஸ்கோப்பில் இரண்டு கண்ணாடித் துண்டுகளைக் காட்டினார். முதலாவது மேட்டு வேர். சாயம் போட்டு ஏதோ ஒரு விளக்கில் பார்த்தால் எல்லாம் நீலமாகத் தெரிந்தது. நீலத்துக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாக மஞ்சள் பொட்டு. அதுதான் சேர்த்து வைத்த மணிச்சத்து என்றார். அடுத்தது பள்ளத்து வேர். நீலமே தெரியவில்லை. பூஞ்சண நூல் முழுக்க மஞ்சள், வெளிச்சம் போட்ட வீதி மாதிரி. நான் கண்ணை எடுத்துவிட்டேன். யாரோ உள்ளேயிருந்து பதிலுக்குப் பார்ப்பது மாதிரி இருந்தது. இதெல்லாம் சாயத்தால் வருவது, எந்தச் சாயத்தைப் போட்டால் எந்த நிறம் வரும் என்று அவருக்குத் தெரியாதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய்க் கைகழுவ உட்கார்ந்தேன். நக இடுக்கில் கறுப்பு மண். வழக்கமாகக் குச்சியால் நோண்டித் தட்டிவிடுவேன். அன்றைக்குத் தட்டவும் மனம் வரவில்லை, வைத்துக்கொண்டு சாப்பிடவும் மனம் வரவில்லை. சாப்பிடாமல் படுத்தேன்.

அடுத்த வாரம் டாக்டரம்மா பள்ளத்தைச் சுற்றி ஒரு முழத்துக்கு ஒன்றாக மெல்லிய குழாய் இறக்கச் சொன்னார். சொன்னதைச் செய்தேன். கூலிக்காரன் வேறு என்ன செய்வான்? அந்தப் பள்ளத்தில் செடிகள் மற்ற இடத்தைவிடக் கரும்பச்சையாக இருக்கும். பூ ஒரு வாரம் முன்னால் வரும். எனக்கு அது பல வருஷமாகத் தெரியும். மற்றவர்கள் பார்த்ததில்லை, பார்க்க அவர்களுக்கு அவசியம் இல்லை.

முடிவு வந்த காலையில் அவர் ஒரு கட்டம் போட்ட தாளில் மஞ்சள் பென்சிலால் வரைந்து காட்டினார். சத்து எங்கே அதிகம், எங்கே குறைவு என்று. நடுவில் ஒரே ஒரு திட்டு. அதைத் தாண்டினால் சட்டென்று ஒன்றுமில்லை.

“பெரிய உயிர் ஏதோ அங்க செத்துக் கிடந்திருக்கணும். எலும்புலதான் இவ்வளவு மணிச்சத்து இருக்கும். இந்த மண்ணு புளிப்பு, எலும்பைக் கரைச்சிடும். கரைஞ்சதை வேர்ப் பூஞ்சணம் பிடிச்சு வெச்சிருக்கு. கொஞ்சம் செடிக்குக் கொடுக்கும், இலை உதிர்ந்தா மறுபடி எடுத்துக்கும். வெளிய விடலை.”

“மானா இருக்கும்” என்றேன்.

“மானாவும் இருக்கலாம். வேரைப் பார்த்துட்டு அது என்ன உயிருன்னு சொல்ல முடியாது.” தாளில் விரலை வைத்து அளந்தார். “நீளம் மட்டும் சொல்லலாம். ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு.”

தொட்டியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். தாளைப் பார்த்தாள். அவளுக்குப் படம் புரியவில்லை. எந்த இடம் என்று கேட்டாள். டாக்டரம்மா ஜன்னல் வழியாகக் காட்டினார்.

“அது ரோட்டுப் பக்கம் இல்லையே” என்றாள் அண்ணி. டாக்டரம்மாவிடம் சொல்லவில்லை. என்னிடம் சொன்னாள்.

இங்கே அந்த நாளைச் சொல்லித்தான் ஆக வேண்டும். எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும்.

அப்போது நானும் அண்ணனும் தீக்கூட்டத்தில் இருந்தோம். புதர் முற்றினால் கட்டையாகிவிடும், ஆடு தின்னாது. அதனால் வருஷா வருஷம் பட்டை பட்டையாக எரிப்போம், மறுவருஷம் துளிர் வரும். ஒரு பட்டைக்கு இரண்டு ஆள். காற்று போகிற கடைசியில் ஒருவன் முதலில் தீ வைப்பான். அந்தத் தீ காற்றை எதிர்த்து மெதுவாக நகரும். கறுப்பாக ஒரு கோடு எரிந்ததும் அவன் பக்கவாட்டில் வெளியேறி விசில் அடிப்பான். அதைக் கேட்ட பிறகுதான் காற்று வருகிற பக்கத்தில் நிற்பவன் கொளுத்த வேண்டும். இந்தத் தீ குதிரை மாதிரி ஓடும், கறுப்புக் கோட்டில் மோதி அணையும். விசில் இல்லாமல் கொள்ளி இல்லை. அதுதான் சட்டம்.

அண்ணன் கடைசியில் நின்றான். நெட்டை என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். விரல் இரண்டை வாயில் வைத்து அடிப்பான், அரை மைல் கேட்கும். நான் விசிலைக் கேட்டேன். கேட்டதால்தான் கொளுத்தினேன். அன்றைக்குக் காற்று அதிகம், புகை அதிகம். அவன் வெளியே வரவில்லை.

எங்கிருந்து கேட்டது என்று மேஸ்திரி கேட்டார். ரோட்டுப் பக்கம் என்றேன். அதனால் ரோட்டுப் பக்கம் தேடினார்கள். நாங்கள் எரித்த பட்டைக்குள்ளேதான் அந்தப் பள்ளம். அதில் கரி மண் இரண்டு வாரம் உள்ளுக்குள்ளேயே கனன்றது, கரை இடிந்து விழுந்தது. அங்கே யாரும் போகவில்லை, நான் ரோட்டுப் பக்கம் என்று சொல்லியிருந்ததால். பஸ் டிரைவர் ஒருவர் நெட்டையான ஆள் ஏறியதாகச் சொன்னார். ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? யாரோடோ ஓடிவிட்டான் என்றார்கள். துறைமுகத்தில் பார்த்தேன் என்றுகூட ஒருத்தன் சொன்னான்.

அண்ணி வந்து என்னைக் கேட்டாள், அவர் உங்கிட்ட ஏதாவது சொன்னாரா என்று. போறேன்னு சொன்னான் என்றேன்.

அப்படிச் சொன்னதைப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது. அவன் சொன்னதை நான் கொஞ்சம் நீட்டினேன். ஓடிப்போனவனுக்கு உயிர் இருக்கும், அதனால் அதுவே நல்லது என்று அன்றைக்குத் தோன்றியது. யாருக்கு நல்லது என்று யோசிக்கவில்லை.

அண்ணியிடம் எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு டாக்டரம்மா போலீசுக்கு ஃபோன் போட்டார். எலும்பு கிடைத்தால் கூப்பிடுங்கள், வேருக்கெல்லாம் வர முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். அதில் மட்டும் நான் போலீஸ் பக்கம்.

மறுநாள் காலையில் தோண்டினோம். வேறு ஆளை வைக்கலாம் என்றார். என் பள்ளத்தை வேறு ஒருத்தன் தோண்டுவானா என்று கேட்டேன். வாயில் வந்துவிட்டது. அவர் என் கையில் கரண்டியைக் கொடுத்தார்.

மண்வெட்டியால் இல்லை, கரண்டியால். விரல் தடிமனுக்கு விரல் தடிமன் சுரண்டி எடுத்தேன். ஒவ்வொரு கரண்டியையும் அவர் சல்லடையில் போட்டுப் பார்த்தார். அண்ணன் இடுப்பில் கட்டியிருந்தது கயிறு. காலில் ரப்பர் பூட்ஸ். கையில் எண்ணெய்த் துணி சுற்றிய கழி. இரும்பு என்று ஒன்றும் அவனிடம் இல்லை, அதனால் இரும்பு கிடைக்காது என்று எனக்குத் தெரியும். எலும்பும் கிடைக்கவில்லை, பல்கூட இல்லை. ஒவ்வொரு சல்லடையும் வெறுமையாகும்போது எனக்கு மூச்சு இலகுவானது.

கரை சரிந்த மண்ணோடு சேர்த்து ஒரு முழ ஆழத்தில் கறுப்பு மண் முடிந்து மணல் வந்தது. அங்கே வேர். இந்தச் செடிக்கு இவ்வளவு ஆழத்தில் வேர் இருக்காது, நாற்பது வருஷம் இந்த மண்ணில் கிடந்தவன் சொல்கிறேன். மெத்தை மாதிரி, பழுப்பு நிறத்தில், மயிர் மயிராக. எல்லா இடத்திலும் இல்லை. ஒரு ஓரம் வரை வந்து, அங்கிருந்து வளைந்து, மறுபடி நீண்டு. வேருக்கு அடியில் சாம்பல் மணலில் காப்பி கொட்டிய மாதிரிக் கறை. டாக்டரம்மா தூரிகையால் தூசியைத் தள்ளத் தள்ள அது தெளிவாகிக்கொண்டே போனது. நான் நிறுத்தச் சொன்னேன். அவர் நிறுத்தவில்லை.

ஒருக்களித்துப் படுத்து முழங்காலை லேசாக மடக்கிய மாதிரி இருந்தது.

அண்ணி எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. பள்ளத்தின் விளிம்பில் செடிகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. கீழே பார்த்தபடியே இருந்தாள், தொட்டிலில் தூங்குவதைப் பார்ப்பது மாதிரி.

“உங்க அண்ணன் இப்படித்தான் மடங்கிப் படுப்பாரு.”

“மானும் அப்படித்தான் படுக்கும்.”

“விசில் எங்கேயிருந்துடா வந்துச்சு?”

அவள் என்னை ‘டா’ போட்டு முப்பது வருஷம் இருக்கும். டாக்டரம்மா எழுந்து கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார்.

“காத்தா இருந்துச்சு அண்ணி. ரோட்டுப் பக்கம் மாதிரிதான் கேட்டுச்சு.”

“சரி. அதை விடு.” மடியில் ஒட்டிய இலையைத் தட்டிவிட்டாள். “போறேன்னு சொன்னாரா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். முப்பத்தொரு வருஷமாகச் சொன்னதுதானே, இன்னொரு தடவை சொன்னால் நாக்கு தேய்ந்துவிடாது. ஆனால் அந்தக் கறையில் முழங்கால் இருந்த இடத்துக்கு நேர் மேலே என் கால் நின்றுகொண்டிருந்தது. நகர்த்த இடமில்லை.

“இன்னும் எத்தனை நாளைக்குடா இந்த வேலைன்னு கேட்டான்.”

“அப்புறம்?”

“அவ்வளவுதான்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

அவள் சிரித்தது மாதிரி ஒரு சத்தம் வந்தது. “முப்பத்தொரு வருஷம், தம்பி. ஒருநாள் விடாம அந்த மனுஷனைத் திட்டினேன். சோறு வடிக்கும்போது திட்டினேன், துணி துவைக்கும்போது திட்டினேன். நீ எதிர்ல உக்காந்து கேட்டுக்கிட்டுதானே இருந்தே. ஒருநாள்கூடப் போதும் அண்ணின்னு சொல்லலையே.”

மான் என்றால் இவ்வளவு பேச்சு இல்லை. மான் என்று வைத்துக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும். எலும்பு இல்லை, பல் இல்லை, துணி இல்லை. மணலில் ஒரு கறை, கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சணம் சேர்த்து வைத்த மஞ்சள் பொட்டு. இதை வைத்து ஒரு மனுஷன் என்று சொல்வார்களா? டாக்டரம்மாவே சொல்ல முடியாது என்றாரே.

அண்ணி டாக்டரம்மாவைக் கூப்பிட்டு, அந்தப் படிவத்தில் எழுத வேண்டிய கட்டத்தை நிரப்ப ஒரு தாள் எழுதித் தர முடியுமா என்று கேட்டாள். தன்னால் அப்படி எழுத முடியாது, மணலை இன்னும் பெரிய கூடத்துக்கு அனுப்பிப் பார்க்கலாம், அங்கேயும் உறுதியில்லை என்றார் அவர். பரவாயில்லை, நானே எழுதிக்கிறேன் என்றாள் அண்ணி. பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுப் பள்ளத்துக்குள் இறங்கினாள். நான் கையை நீட்டினேன். அவள் பிடிக்கவில்லை, செடியைப் பிடித்து இறங்கினாள். வேர் மெத்தையின் மேல் உள்ளங்கையை வைத்து, மிதிக்காமல், ஓரமாகக் குந்தினாள்.

“மகளுக்குச் சொல்லணும்” என்றாள். “அப்பா எங்கேயும் போகலைன்னு.”

அவளிடம் இன்னொரு தடவை மான் என்று சொல்ல வாய் திறந்தேன். அவள் அங்கே யாரோடோ மெதுவாகப் பேச ஆரம்பித்திருந்தாள். திட்டு இல்லை. வேறு ஏதோ, வீட்டு விஷயம். கூரையில் எந்தப் பக்கம் ஒழுகுகிறது என்கிற மாதிரி. கேட்கக் கூடாத பேச்சைக் கேட்கிற மாதிரி இருந்தது எனக்கு.

கரண்டியைப் பள்ளத்தின் விளிம்பில் வைத்துவிட்டு நடந்தேன். டாக்டரம்மா பின்னாலிருந்து கூப்பிட்டார், மூடுவதற்கு ஆள் வேண்டும் என்று. திரும்பவில்லை. செடிகள் காலில் உரசின. எந்த அடியில் எவ்வளவு வேர், அது எங்கிருந்து எதை எடுத்து யாருக்குக் கொடுக்கிறது என்று இனிமேல் ஒவ்வொரு அடிக்கும் யோசிக்க வேண்டுமா? படித்தவர்கள் நம்மை இப்படித்தான் கெடுத்துவிடுகிறார்கள்.

யாருக்கும் கேட்காத தூரம் வந்த பிறகு வாய்விட்டுச் சொன்னேன். மான்தான். வயதான கிடா மான். காலை நீட்டினால் அதுவும் ஆறடி வரும்.